குட்டை ஆன்டெனாவில் வாட் எங்கே போகிறது?

சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டு சன்னலோரம் ஆன்டெனா வைத்திருக்கும் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இடம் இல்லை, ஆன்டெனா குட்டை, சிக்னல் போகவில்லை என்பதுதான் எல்லாருக்கும் கவலை.

பிடோக்கிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, 2 மீட்டர் விப் (நிமிர்ந்து நிற்கும் கம்பி), அடியில் காயில் (கம்பிச் சுருள்), நேராகக் கேபிள். 7 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் (ரேடியோவோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் கச்சிதம்) 1.1. 100 வாட் கொடுத்தும் ஜகார்த்தாவில் கேட்கவில்லையாம்.

எனக்கு அந்த 1.1 மேலேயே சந்தேகம், தம்பி. 7 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 42 மீட்டர். 2 மீட்டர் கம்பிக்குக் கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியே போகும் பங்கைக் காட்டும் ஓம்) சுமார் 0.9தான் வரும். 1.1 என்றால் ரேடியோ கிட்டத்தட்ட 50 ஓம் பார்க்கிறது என்று அர்த்தம். மீதி 49 எங்கிருந்து வந்தது? காயிலில் ஐந்தாறு ஓம் இருக்கலாம். மற்றதெல்லாம் தரை இழப்பு. மாடி வீட்டில் தரை என்பது சன்னல் கம்பியும், கேபிளின் வெளிப்புறமும், சுவருக்குள் இருக்கும் இரும்பும்தான். ஆக, வெளியே போவது 2 வாட்கூட இல்லை. எதையும் வெளியே அனுப்பாமல் சூடாக்க மட்டுமே செய்யும் டம்மி லோடுகூட எஸ்டபிள்யூஆர் 1.0 காட்டும்.

தரைக்குப் பதிலாக ஆன்டெனாவின் அடியிலிருந்து விரியும் ரேடியல் கம்பி நாலைந்து போட்டுப் பாருங்கள். எஸ்டபிள்யூஆர் 3 வரை ஏறும். பயப்படாதீர்கள், இழப்பு குறைகிறது என்று அர்த்தம். மொத்தத் தடை 16 ஓமுக்கு இறங்கினால் 5 வாட்டுக்கு மேல் வெளியே போகும். மேட்சிங்கை (50 ஓமுக்குக் கொண்டுவருவதை) அப்புறம் பார்க்கலாம்.

யீஷூன் நண்பர்: காயிலை எப்படிச் சுற்றுவது?

தடித்த கம்பியில், சுற்றுக்குச் சுற்று இடைவெளி விட்டு. ஒருமுறை நான் மெல்லிய எனாமல் கம்பியை பிவிசி குழாயில் நெருக்கிச் சுற்றியிருந்தேன். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் பத்து நிமிடம் அனுப்பிவிட்டு, ரேடியோவை அணைத்துத் தொட்டுப் பார்த்தால் குழாய் இளகி, சுற்றுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. என் வாட் அத்தனையும் அங்கேதான் இருந்தது! இன்னொன்று: விப்பின் உச்சியில் குடைக்கம்பி மாதிரி நாலு கம்பி விரியுங்கள். காயிலில் சுற்று குறையும், கதிர்வீச்சுத் தடை கூடும்.

ஜூரோங்: ட்யூனர் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. ரேடியோவுக்கு 50 ஓம் காட்டும், அவ்வளவுதான். ஆன்டெனாவின் இழப்பு அப்படியே இருக்கும்.

செங்காங் அக்கா: 1 மீட்டர் விட்டத்தில் லூப் (வளைய ஆன்டெனா) செய்கிறேன், 22 மில்லிமீட்டர் செப்புக் குழாய். 7-லும் 14-லும் ஓடுமா?

14-இல் நன்றாகவே ஓடும், அக்கா. கதிர்வீச்சுத் தடை 0.1 ஓமுக்குப் பக்கம், குழாயின் இழப்பு 0.045. கெப்பாசிட்டரும் இணைப்புகளும் நல்லதாக இருந்தால் பாதிக்கு மேல் வெளியே போகும். 7-இல் கதிர்வீச்சுத் தடை 0.006 ஓமாகச் சுருங்கிவிடும், குழாயிலோ 0.03 இருக்கிறது. கிடைப்பது 16 சதவீதம். அதிலும் கடல் காற்றில் பச்சை பூத்த ஒரு போல்ட் 0.02 ஓம் கூட்டினால் 10 சதவீதம்தான் மிஞ்சும். அதனால் இணைப்புகளைப் பற்றவைத்துவிடுங்கள், போல்ட் வேண்டாம். 100 வாட்டில் கெப்பாசிட்டரில் 5,000 வோல்ட் அளவுக்கு நிற்கும். அனுப்பும்போது யாரும் கிட்டே போகக் கூடாது, முக்கியமாகப் பிள்ளைகள்.

தெம்பனிஸ்: சின்ன இடத்துக்கு எந்த பேண்ட் (அலைவரிசை) சரி?

28 மெகாஹெர்ட்ஸ். கால் அலை அங்கே 2.5 மீட்டர்தான், பிடோக் தம்பியின் விப்புக்குக் காயில் கொஞ்சம் போதும். நாம் இருப்பது பூமத்திய ரேகைப் பக்கம், சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் இந்த பேண்ட் பகலில் நன்றாகத் திறக்கும். 7 மெகாஹெர்ட்ஸ்தான் வேண்டுமென்றால் அதே விப்பை உப்புத் தண்ணீர் ஓரம் வைத்துப் பாருங்கள். மண்ணைவிடக் கடல்நீர் எவ்வளவோ நல்ல தரை.