நோக்கம் தெரிந்த பிறகுதான் வாழ வேண்டுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. நல்ல வேலை, அன்பான குடும்பம் எல்லாம் உண்டு. ஆனாலும் எதற்காக வாழ்கிறேன் என்று தெரியவில்லை. ஏழெட்டு ஆண்டுகளாகத் தியான வகுப்புகள், ஆளுமைப் பயிற்சி முகாம்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். 'உங்களுக்குள் உணர்ச்சித் தடைகள் இருக்கின்றன. அவை நீங்கினால்தான் வாழ்வின் நோக்கம் புலப்படும்' என்றார் ஒரு பயிற்சியாளர். கல்லூரியில் ஒரு முறை மேடையில் பேச்சை மறந்து நின்றேன், எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் நாலு பேர் முன்னால் வாய் திறந்ததில்லை. அதற்குப் பயந்து பதவி உயர்வைக்கூட மறுத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருவது மட்டும் மனத்துக்கு இதமாக இருக்கிறது. ஆனால் அதெல்லாம் ஒரு நோக்கமாகிவிடுமா? தடைகளை நீக்கி நோக்கத்தைக் கண்டடைய வழி சொல்லுங்கள். (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் வரிசையைப் பாருங்கள். முதலில் தடை நீங்க வேண்டும். நீங்கினால் நோக்கம் தெரியும். தெரிந்ததும் வாழத் தொடங்கலாம். இதை உங்களுக்குச் சொல்லித் தந்தவர்மீது எனக்குக் கோபம் வருகிறது. இந்த வரிசையை நம்புகிறவர், உள்ளே இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அடுத்த முகாமுக்குப் போய்க்கொண்டே இருப்பார். தொடங்க வேண்டிய வாழ்க்கை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். உங்களுடைய ஏழெட்டு ஆண்டுகள் அப்படித்தான் கரைந்திருக்கின்றன.

எங்கோ ஓர் அடைப்பு இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் தண்ணீர் தானாகப் பாயும் என்பது குழாய்க்குப் பொருந்தும். பயம் வேலை செய்யும் விதம் வேறு. மேடையில் நீங்கள் திகைத்து நின்றது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்கு உங்களை இத்தனை காலம் கட்டிப்போடும் வலு கிடையாது. அதற்குப் பிறகு நடந்தவைதாம் உங்களைக் கட்டிப்போட்டன. பேச வேண்டிய ஒவ்வொரு முறையும் ஏதோ காரணம் சொல்லி விலகினீர்கள். விலகிய அந்த நிமிடமே நெஞ்சு லேசாகியிருக்கும். அந்த நிம்மதிதான் விலகலுக்குக் கிடைத்த கூலி. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக விலக வைத்ததும் அதுவே. ஹோபர்ட் மௌரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940-களிலேயே இதை விளக்கிவிட்டார். பயம் ஒரு சம்பவத்தில் பிறக்கிறது. தவிர்க்கத் தவிர்க்க நிலைத்துவிடுகிறது. பயந்தது நடக்காமலும் போகலாம் என்பதை அறிய, தவிர்ப்பவரின் மனத்துக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. பதவி உயர்வை மறுத்த அன்று அந்தப் பழைய மேடைக்கு நீங்களே ஆயுளை நீட்டித்துக் கொடுத்தீர்கள்.

ஆகவே உங்கள் விஷயத்தில் ஆழத்திலிருந்து தோண்டி எடுக்க வேண்டியது எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958-இல் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். பயமூட்டும் சூழல்களை, குறைவாக நடுங்க வைப்பதில் தொடங்கி மிக அதிகமாக நடுங்க வைப்பது வரை பட்டியலிட வேண்டும்; பிறகு உடலைத் தளர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாக எதிர்கொள்ள வேண்டும். அவருக்குப் பின் வந்தவர்கள், உடலைத் தளர்த்துவது கட்டாயமில்லை, எதிர்கொள்வதே போதும் என்று கண்டார்கள். இன்னொன்றையும் கண்டார்கள், உங்களுக்கு முக்கியமானது அதுதான். பழைய பயம் அழிந்துவிடுவதில்லை. அதன் பக்கத்தில் புதிய அனுபவம் ஒன்று வந்து உட்கார்ந்து அதோடு போட்டியிடுகிறது. நெடுநாள் கழித்தோ, பழகாத இடத்திலோ பழைய பயம் மறுபடி தலைகாட்டும். அதைத் தோல்வியாக எண்ணிவிடாதீர்கள். தடை முற்றாக நீங்கும் நாளுக்காகக் காத்திருப்பவர் வராத ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறார்.

செய்யும் விதத்தில் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். பேசப் போகும் முன், என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்களோ அதைத் தாளில் எழுதுங்கள். 'நடுவில் மறந்துவிடும், சிரிப்பார்கள், மறுநாள் யார் முகத்திலும் விழிக்க முடியாது.' பேசி முடித்ததும் தாளை எடுத்துப் பாருங்கள். நடுவில் மறந்திருக்கலாம், ஒருவர் சிரித்தும் இருக்கலாம். மறுநாள் எல்லார் முகத்திலும் விழித்திருப்பீர்கள். தலை நிமிராமல் தாளைப் பார்த்தே படிப்பது, யாரும் கேள்வி கேட்குமுன் அவசரமாக முடித்துவிட்டு நகர்வது போன்ற தற்காப்புகளை ஒவ்வொன்றாக விட்டுவிடுங்கள். அவை இருக்கும்வரை, அவற்றால்தான் தப்பித்தோம் என்றே மனம் கணக்கு எழுதிக்கொள்ளும்.

அந்த நேரத்து நடுக்கத்தை என்ன செய்வது? எதுவும் செய்ய வேண்டாம். ஷோமா மொரிட்டா என்ற ஜப்பானிய மனநல மருத்துவர் இளமையில் தாமே கடும் பதற்றத்தால் அவதிப்பட்டவர். 1919 வாக்கில் அவர் வகுத்த சிகிச்சையின் உயிர்நாடி, உணர்ச்சி தன் போக்கில் வந்து தன் போக்கில் தணியட்டும், கைகள் செய்ய வேண்டியதைச் செய்யட்டும் என்பதுதான். மனத்தை அடக்கப் பார்ப்பதால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் சோதித்துக் காட்டினார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். ஐந்து நிமிடம்கூட அவர்களால் அதை விலக்கிவைக்க முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள்.

இனி நோக்கத்துக்கு வருகிறேன். 'அதெல்லாம் ஒரு நோக்கமாகிவிடுமா?' உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய வரி இது. கணக்கு தனக்கு வராது என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு, அது வரும் என்று காட்டுவது எந்த அளவில் சிறியது? அந்தப் பிள்ளையின் அளவில் சிறியதா? இத்தனை ஆண்டுத் தேடலில் உங்கள் மனம் 'இது நன்றாயிருக்கிறது' என்று தெளிவாகச் சொன்னது ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான். அதையும் பிரம்மாண்டமாக இல்லை என்ற ஒரே குற்றத்துக்காக நீங்கள் ஒதுக்கப் பார்க்கிறீர்கள்.

வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் 1942-இல் நாஜிகளின் முகாம்களுக்கு அனுப்பப்பட்டு, 1945-இல் விடுதலையானபோது தந்தை, தாய், சகோதரர், மனைவி என்று ஏறக்குறைய எல்லாரையும் இழந்திருந்தார். முகாமில், இனி வாழ்க்கையிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று உயிரை விட நினைத்த இருவரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். ஒருவருக்கு வெளிநாட்டில் ஒரு குழந்தை காத்திருந்தது. இன்னொருவர் அறிவியலாளர், அவர் எழுதத் தொடங்கிய நூல் வரிசை பாதியில் நின்றிருந்தது, வேறு யாராலும் அதை முடிக்க முடியாது. அவர்களைத் தடுத்து நிறுத்தியவை ஒரு குழந்தையும் முடிக்கப்படாத ஒரு வேலையும்தாம். பிரபஞ்சத்தில் தமக்கான இடம் எது என்ற கேள்விக்கு அவர்களுக்கு விடை கிடைத்திருக்கவில்லை. வாழ்க்கையிடம் நாம் கேள்வி கேட்பதை நிறுத்தி, அது நம்மிடம் கேட்பதற்குப் பதில் தர வேண்டும் என்று ஃபிராங்கல் சொன்னது இந்த அனுபவத்திலிருந்துதான். மாலைதோறும் அந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்கு நோட்டுப் புத்தகத்தோடு வருகிறது.

நோக்கம் எங்கோ முழு உருவத்தில் ஒளிந்திருக்கிறது, கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் சலிப்பே இராது என்ற நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு. பால் ஓ'கீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகிய உளவியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்வம் என்பது ஏற்கெனவே உள்ளே இருப்பது, அதைக் கண்டுபிடிக்க மட்டுமே வேண்டும் என்று நம்பியவர்கள், புதிதாக ஈர்த்த ஒரு துறை கடினமானதும் மற்றவர்களைவிட வேகமாக ஆர்வம் இழந்தார்கள். ஆர்வம் வளர்க்கப்படுவது என்று கருதியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். நீங்கள் ஒவ்வொன்றாகத் தொடங்கி விட்டுவிட்டவற்றை இந்த வெளிச்சத்தில் எண்ணிப்பாருங்கள்.

உங்கள் இரண்டு சிக்கல்களும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பதைக் கவனித்தீர்களா? அந்தப் பிள்ளைகள் முன்னால் நீங்கள் பேசுகிறீர்கள். வாய் திறந்து, நின்று விளக்கி, தடுமாறினால் அழித்து மறுபடி எழுதுகிறீர்கள். பட்டியலின் முதல் வரி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. நான்கு பிள்ளைகளாக்குங்கள். பிறகு பெற்றோர் ஒருவரை அறையில் உட்காரச் சொல்லுங்கள். அடுத்து ஒரு நூலகத்திலோ பள்ளியிலோ பத்துப் பேருக்கு ஒரு மணி நேரம் எடுங்கள். நோக்கம் ஒரு பக்கம் வளரும், பயம் இன்னொரு பக்கம் பழகும். இரண்டுக்கும் தனித்தனி முகாம் தேவையில்லை.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எதிலும் பற்றில்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும் நீடித்தால், தூக்கமும் பசியும் மாறியிருந்தால், செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், அது தத்துவச் சிக்கலன்று. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவும் இரத்தசோகையும்கூட இப்படி ஆளைச் சுருட்டிப் போடும், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நாலு பேர் முன் பேசவே முடியாத பயம் 1980 முதல் நோய்ப் பட்டியலில் தனிப் பெயரோடு இருக்கிறது. அதற்குத் தேர்ந்த சிகிச்சையும் உண்டு. சிறு வயது வன்முறையோ பெரும் இழப்போ உங்களுக்குப் பின்னால் இருந்தால், நான் மேலே சொன்னவற்றைத் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகர் ஒருவர் துணையோடு செய்யுங்கள். நூறு பேர் கூடிய அரங்கில் உங்களை அழ வைப்பவரிடம் போகாதீர்கள்.

மறுத்துவிட்ட பதவி உயர்வு இன்னும் திறந்திருக்கிறதா என்று மேலதிகாரியிடம் இந்த வாரமே கேளுங்கள். அந்தப் பொறுப்பில் எத்தனை பேர் முன்னால், எவ்வளவு அடிக்கடி பேச வேண்டியிருக்கும் என்பதையும் கேட்டு, பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.