நிழல் குட்டையானதும் வெளியே வாருங்கள்

கேள்வி: எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. கைகால் குடைச்சலுக்கு ரத்தம் சோதித்ததில் வைட்டமின் டி 32 என்று வந்தது, குறைவாம். காலை எட்டு மணி வெயிலில் நின்றால் போதும் என்கிறார் மாமியார். தினமும் நிற்கிறேன். இத்தனை வெயில் அடிக்கும் ஊரில் எனக்கு மட்டும் ஏன் இப்படி?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் அந்த 32-க்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் அலகைப் பாருங்கள். நேனோமோல் (nmol/L) என்றால் குறைவுதான். 50-ஐயாவது தொட வேண்டும். நேனோகிராம் (ng/mL) என்றால் அதே 32 போதுமான அளவு. இங்கே பலர் வீணாகப் பயப்படுவது இந்த இடத்தில்தான்.

எட்டு மணி வெயில் உடம்புக்கு இதம், வைட்டமினுக்கு உதவாது. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிர், சூரியன் தாழ்வாக இருக்கும்போது காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வருவதே அபூர்வம். 1982-ல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள்; உங்கள் பேராக் மாநிலத்தில் உச்சிப்பொழுதே ஒரு மணிக்கு மேல்தான். எட்டு மணிக்குச் சூரியன் எழுந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

கடிகாரத்தை விடுங்கள், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்க வேண்டும்: பத்தரையிலிருந்து நாலு மணி வரை. பகல் சாப்பாட்டு நேரத்தில் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு 15 முதல் 30 நிமிடம், வாரத்தில் மூன்று நான்கு நாள் போதும். கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் தேவை. எரிச்சல் தொடங்குமுன் நிழலுக்கு வந்துவிடுங்கள். வேன் கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது. செம்பனை (எண்ணெய்ப் பனை) நிழலும் அப்படித்தான், அதனால் தோட்டத்து வேலைக்காரர்களுக்கும் இது குறையலாம்.

சாப்பாட்டை மட்டும் நம்பாதீர்கள். ஒரு முட்டை மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட். ஒரு நாள் தேவை 600. டின் சார்டின் பரவாயில்லை. சைவம் என்றால் காளானை நறுக்கி உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்துச் சமையுங்கள்.

டாக்டர் 50,000 யூனிட் மாத்திரை கொடுத்தால் அது பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. வெறும் கோப்பியோடு விழுங்காமல், எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, அடங்காத தாகம், கடைசியில் சிறுநீரகக் கோளாறு. முன்பு சிறுநீரகக் கல் இருந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் சோதியுங்கள். அளவு ஏறியும் குடைச்சல் விடவில்லை என்றால், தைராய்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.