தும்பை சூடிய வீரர்கள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

போரையும் அதற்குரிய பூக்களையும் வகுக்கும் புறத்திணைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், இரு வேந்தர்கள் களத்தில் நேருக்கு நேர் மோதும்போது தும்பை சூடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வாய்க்கால் மேட்டில் தானாக முளைக்கிற, பிள்ளைகள் பறித்துத் தேன் உறிஞ்சுகிற அந்த வெள்ளைப் பூவா? விரல்நுனி அளவுகூடத் தேறாதே! சங்ககாலத் தும்பை வேறு ஏதேனும் பெரிய பூவோ?

ம.

அன்புள்ள ம.,

அதே பூதான் என்று நினைக்கிறேன். கவிழ்தும்பை, பெருந்தும்பை என்று அடைமொழியோடு வேறு செடிகள் உண்டு. வெறுமனே தும்பை என்றால் துளசிக் குடும்பத்துச் செடி. தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு பட்டை தெரியும். கபிலரும் குறிஞ்சிப்பாட்டில் ‘தும்பை துழாஅய்’ என்று தும்பையையும் துளசியையும் (துழாய்) அடுத்தடுத்து வைக்கிறார். மோனைக்காகத்தான் வைத்திருப்பார், இருந்தாலும் எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி.

பூ சிறியது என்பது ஒரு தடையே அல்ல. கோட்டையை முற்றுகையிடுபவன் சூடுவது உழிஞை. அதை முடக்கற்றான் என்றே பலரும் கொள்கிறார்கள்; அதன் பூ தும்பையைவிடச் சிறியது. மதிலை வளைத்தவன் சூடிய கொடி இன்று நம் வீட்டு தோசை மாவில் அரைபடுகிறது!

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஆநிரை (மாட்டு மந்தை) கவர்பவனின் வெட்சிக்கு எதிரே கரந்தை, நாட்டின்மேல் படையெடுப்பவனின் வஞ்சிக்கு எதிரே காஞ்சி, உழிஞைக்கு எதிரே நொச்சி என்று பிற்கால இலக்கணம் எதிரெதிர்ப் பூக்களை வைக்கிறது. தும்பையில் மட்டும் இரு தரப்புக்கும் ஒரே பூ. ஏன்? மற்றப் போர்களில் ஆநிரை, நாடு, கோட்டை என்று பறிக்கவும் காக்கவும் ஏதோ ஒன்று இருக்கிறது. தும்பைப் போர் ‘மைந்து பொருளாக’ நடப்பது என்கிறார் தொல்காப்பியர். வலிமையைக் காட்டுவது மட்டுமே நோக்கம். இருவரும் வந்த காரியம் ஒன்று, ஆகவே பூவும் ஒன்று.

எதிரெதிரே இறங்கிய இரு படைகளும் ஒரே பூவைச் சூட வேண்டுமென்றால் அது இரு பக்கமும் ஏராளமாகக் கிடைக்க வேண்டும். காடும் மலையும் கழனியும் இல்லாத வெளிநிலமே இந்தப் போருக்கு ஏற்றது என்பது உரைமரபு. அப்படிப்பட்ட திறந்த வெளியில் யாரும் நடாமலே மண்டிக் கிடப்பது தும்பை. தாமரை சூடுவதென்றால் முதலில் குளம் தேட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி முழுக்க என் ஊகம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், வெளியிடுகிறேன்.