சர்க்கரை மாத்திரை மாற்றியதிலிருந்து தீராத அரிப்பு

கேள்வி: எனக்கு 47 வயது. 6 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் சாப்பிட்டு வந்தேன். நான்கு மாதத்துக்கு முன் டபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையையும் சேர்த்தார்கள். அதன் பிறகு பிறப்புறுப்பில் தாங்க முடியாத அரிப்பு, தயிர்த் திப்பி போல வெள்ளைப்படுதல். மெடிக்கலில் கொடுத்த க்ரீமைப் போட்டால் இரண்டே நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் உங்கள் சந்தேகம் சரியானதுதான். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேல்கூடப் போகும். அந்த ஈரத்திலும் இனிப்பிலும் கேண்டிடா என்ற பூஞ்சை செழித்து வளர்கிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற மருந்து என்பதால், தொடர்வதா மாற்றுவதா என்பதை எழுதிக் கொடுத்தவரே முடிவு செய்யட்டும்.

இப்போது அந்த க்ரீம் டியூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பெக்ளோமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடும், அதனால்தான் இரண்டே நாளில் சுகம் தெரிகிறது. பூஞ்சை சாகாமல் உள்ளே இருக்கும், நாளாக நாளாகத் தோலும் மெலிந்துபோகும். இப்படிப்பட்ட டியூபோடு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. தயவுசெய்து அதைத் தொடராதீர்கள்.

வெளி அரிப்புக்குக் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து 1% மட்டும் உள்ள க்ரீம் போதும். காலையும் இரவும் மெல்லியதாகத் தடவ வேண்டும். ஆனால் பூஞ்சை குடியிருப்பது பிறப்புறுப்பின் உள்ளே. வெளியே மட்டும் தடவினால் நோய் திரும்பத்தான் செய்யும். ஆகவே இரவில் படுக்கும்போது உள்ளே வைக்கிற குளோட்ரிமசோல் மாத்திரையும் தேவைப்படும். ஒரே நாள் மருந்து சர்க்கரை உள்ளவர்களுக்குப் பல நேரம் போதாது; 7 நாள், சிலருக்கு 14 நாள்கூட ஆகும். அரிப்பு நின்றதும் பாதியில் விட்டுவிடாதீர்கள். இந்த க்ரீமும் மாத்திரையும் ஆணுறை ரப்பரைப் பலவீனமாக்கும், அதையும் கவனத்தில் வையுங்கள்.

வாய்வழியாகச் சாப்பிடும் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைக் கடையில் நீங்களாக வாங்கிவிடாதீர்கள். கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம்.

ஒருமுறை நேரில் காட்டிவிடுவது அவசியம். எல்லா வெள்ளைப்படுதலும் பூஞ்சை அல்ல. மீன் கவிச்சி போன்ற வாடை, பச்சை நிறம், நுரை இருந்தால் அது வேறு தொற்று, க்ரீம் கேட்காது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையையும் (எச்பிஏ1சி) பார்த்துக்கொள்ளுங்கள். அது ஏறியிருந்தால், எந்தக் களிம்பும் நிலைக்காது.

சிறுநீர் கழித்த பின் வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். டெட்டால், வாசனைச் சோப்பு, உள்ளே தண்ணீர் பீய்ச்சுவது எதுவும் வேண்டாம். பருத்தி உள்ளாடை போதும். கணவருக்கு அரிப்பு, சிவப்பு இருந்தால் மட்டும் அவருக்கும் சிகிச்சை தேவை. இது தப்பான உறவால் வந்த நோய் அல்ல. வீட்டில் யாரும் அப்படி நினைக்க இடம் கொடுக்காதீர்கள்.

காய்ச்சலோடு பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்தில் கடும் வலி, வீக்கம், சிவப்பு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தான தொற்றாக இருக்கலாம்.

கூச்சமாக இருந்தால், அந்த டியூபையும் மாத்திரை அட்டையையும் டாக்டர் மேசைமேல் வைத்து, "இந்த மாத்திரை ஆரம்பிச்சதிலேருந்து அரிக்குது, வெள்ளைப்படுது" என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவரே கேட்டுக்கொள்வார்.