மகளின் ஆய்வைக் கருத்தரங்கில் காட்டினால் யாராவது எடுத்துக்கொள்வார்களா?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. தாவரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வாழை நாரோடு புளியங்கொட்டைப் பசை சேர்த்து, மண்ணிலேயே மட்கிவிடும் நாற்றுக் குவளை செய்திருக்கிறாள். அடுத்த மாதம் கல்லூரியில் மாணவர்களின் ஆய்வுகளுக்கும் படைப்புகளுக்குமான கருத்தரங்கம் நடக்கிறது. அதில் அவள் போஸ்டர் வைத்துப் பத்து நிமிடம் பேச வேண்டும். யாராவது பார்த்து எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. இதற்கிடையில் ஒருவர் போன் செய்து, 4,500 ரூபாய் கட்டினால் யுஜிசி அங்கீகாரம் பெற்ற இதழில் கட்டுரை வரும், மேல்படிப்புக்கு அது கட்டாயம் என்கிறார். கட்டலாமா?
– ஒரு தாய், சின்னமனூர்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அவர் சொல்லும் 'யுஜிசி அங்கீகாரம்' இன்று கிடையாது. இதழ்களைப் பட்டியலிட்டுவந்த கேர் பட்டியலை யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இல்லாத பட்டியலின் பெயரைச் சொல்லி இன்னும் வசூல் நடக்கிறது. மேல்படிப்புக்குக் கட்டாயம் என்பதும் பொய். முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற விதியையே யுஜிசி 2022இல் எடுத்துவிட்டது. பி.எஸ்சி. மாணவியிடம் யார் கேட்கப்போகிறார்கள்?

அடுத்து அவர் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைக் காட்டுவார். அது இதழ்களுக்கான எட்டு இலக்க அடையாள எண், நம் நாட்டில் இலவசமாகவே தரப்படுகிறது. வண்டியின் பதிவெண் மாதிரி. வண்டி ஓடுமா என்பதை அது சொல்லாது. 2013இல் ஜான் போஹன்னன் என்ற பத்திரிகையாளர், அப்பட்டமான பிழைகளோடு ஒரு போலி ஆய்வுக் கட்டுரையை எழுதி 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. உங்களை அழைத்தவர் எந்த வகை இதழுக்கு ஆள் பிடிக்கிறார் என்பது இதிலிருந்தே புரியும்.

நடுவராகப் போன ஒரு கருத்தரங்கில் நானே கண்டது இது. பதிவு மேசைக்குப் பக்கத்திலேயே ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளின் ஆய்வுச் சுருக்கங்களை பென் டிரைவில் வாங்கிக்கொண்டார். பிறகு வந்த தொகுப்பில் ஒரு மாணவியின் கட்டுரையை எழுதியவர்கள் என்று நான்கு பேர். அவள் பெயர் கடைசியில். மற்ற மூவரை அவள் பார்த்ததே இல்லை. நீங்கள் போஸ்டரைக் கண்டு பயப்படுகிறீர்கள். உண்மையில் ஆய்வு பறிபோவது இப்படிப்பட்ட மேசைகளில்தான்.

கல்லூரிகளும் இதற்கு இடம் கொடுக்கின்றன. கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில் எத்தனை கட்டுரை, எத்தனை கருத்தரங்கம் என்று எண்ணிக் கேட்கிறார்கள். எண்ணிக்கையைக் காட்டியாக வேண்டும் என்றாகிவிட்டால், நல்ல ஆய்வு எது என்று பார்க்க யாருக்குப் பொழுதிருக்கிறது? வகுப்பறையில் பாடம் நடத்த வேண்டிய ஆசிரியர் சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். முப்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன், கொஞ்சமும் மாறவில்லை.

போஸ்டருக்கு வருகிறேன். தாராளமாக வைக்கச் சொல்லுங்கள். கருத்தரங்கச் சுருக்கத் தொகுப்பில் தேதியோடு அவள் பெயர் அச்சாவது நல்ல சாட்சி. நாளை வேறொருவர் உரிமை கொண்டாடினால் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டலாம்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் பொறுக்க வேண்டும். குவளையில் வேறு யாரும் செய்யாத புதுமை இருந்து, அதற்குக் காப்புரிமை (பேட்டன்ட்) வாங்கும் எண்ணமும் இருந்தால், விண்ணப்பம் முதலில், போஸ்டர் பிறகு. ஊரறியக் காட்டிவிட்ட பொருளைப் புதியது என்று சட்டம் ஒப்புக்கொள்ளாது. காட்டியவர் நீங்களாகவே இருந்தாலும்தான். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து, 1997இல் ரத்து செய்ய வைத்தது. அதற்குக் காட்டிய சான்றுகளில் ஒன்று, 1953இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரை. அச்சில் வந்த பழைய பக்கத்துக்கு அத்தனை பலம். உங்கள் மகளுடைய பக்கமும் அவளுக்கு எதிராகவே அப்படி நின்றுவிடக் கூடாது.

"காட்டிய பிறகும் விண்ணப்பிக்கப் பன்னிரண்டு மாதம் சலுகை உண்டே" என்று யாராவது சொல்வார்கள். காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் அது இருப்பது உண்மை. ஆனால் கண்காட்சி என்றால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருக்க வேண்டும். கட்டுரை என்றால் கற்றறிந்தோர் சங்கத்தின் முன் கண்டுபிடித்தவரே வாசித்ததாக இருக்க வேண்டும். கல்லூரி அரங்கத்து போஸ்டர் இதில் எதில் சேரும்? அதை வாதாடி நிரூபிக்கும் நிலைக்கு உங்கள் மகள் போக வேண்டாம். கருத்தரங்குக்கு முன்பே தற்காலிக விவரக் குறிப்போடு விண்ணப்பித்துவிட்டால் முழு விவரம் தரப் பன்னிரண்டு மாதம் கிடைக்கும். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கட்டணம் பிறகு தனியாக வரும். நம் மாநிலத்துக்கு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. யார் பெயரில் விண்ணப்பிப்பது என்பதை மட்டும் வழிகாட்டி ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இங்கேயும் தரகர் வருவார். வடிவமைப்புப் பதிவுச் சான்றிதழை வாங்கிக் கொடுத்து அதையே காப்புரிமை என்பார். அது குவளையின் தோற்றத்துக்கு மட்டும்தான். பசைக் கலவைக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. அல்லது விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியானதைக் காட்டி, காப்புரிமை கிடைத்துவிட்டது என்பார். வெளியாவது வேறு, வழங்கப்படுவது வேறு. இந்த இரண்டையும் கோப்பில் வைத்துப் பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கிறது.

அதே கருத்தரங்கில் கவிதையோ புகைப்படமோ வைக்கும் தோழிகள் இருந்தால் அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. எழுதிய, எடுத்த கணத்திலேயே பதிப்புரிமை அவர்களுடையது. உரிமை மாற்றப் படிவம் என்று எதையாவது நீட்டினால் மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

விண்ணப்பிக்க நேரமில்லை என்றால் நார் எவ்வளவு, பசை எவ்வளவு, எத்தனை பாகை சூட்டில் உலர்த்தினாள் என்பவற்றை போஸ்டரிலும் சுருக்கத்திலும் எழுத வேண்டாம், பேச்சிலும் சொல்ல வேண்டாம். எத்தனை நாளில் மட்கியது, நாற்று எவ்வளவு வளர்ந்தது என்ற முடிவுகளைச் சொன்னால் போதும். கத்தரி நாற்று முளைத்த குவளை ஒன்றையும், மண்ணில் பாதி மட்கிய குவளை ஒன்றையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். வேர் குவளைச் சுவரைத் துளைத்து வெளியே வந்திருந்தால், அந்தப் பக்கம் நடுவரைப் பார்த்து இருக்கட்டும்.