வாசகர் கேள்விகள்: கம்பமும் கம்பியும் யார் கையில்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவந்து சேர்க்கும் வேலை அரசிடமே இருக்கட்டுமா, தனியாரிடம் போகட்டுமா? கடலூர் மாவட்டத்தில் மின்வாரியப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரசிடமே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் தனியார் செய்த நல்ல வேலையை மறைத்துவிட்டுப் பேச மாட்டேன்.

மின்வாரியம் எப்போதும் நஷ்டம் என்றே செய்தி வருகிறது. தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடாதா?
– ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு

உங்கள் பில்லில் கட்டும் ரூபாயில் ஏறக்குறைய முக்கால் பங்கு மின்சாரத்தை விலைக்கு வாங்கவே போய்விடுகிறது. நிலக்கரி விலையும் அனல் மின் நிலையங்களோடு போட்ட நீண்டகால ஒப்பந்தமும் முதலாளி மாறினால் மாறாது. மிச்சமிருக்கும் கால் பங்கில்தான் விநியோகம் செய்பவரின் சாமர்த்தியம் தெரியும். கம்பியில் வீணாவது, கொக்கி போட்டுத் திருடுவது, ரீடிங் எடுக்காமல் விடுவது, பில் போட்டும் வசூலாகாதது எல்லாம் அதில் வரும்.

அதில் தனியார் சாதித்த இடம் டெல்லி. அங்கிருந்த மின்வாரியத்தை 2002 ஜூலையில் பிரித்து, மூன்று விநியோக நிறுவனங்களில் 51 சதவீதப் பங்கைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். அப்போது வாங்கிய மின்சாரத்தில் பாதி காசாகவில்லை. இப்போது அந்த இழப்பு 10 சதவீதத்துக்கும் கீழ். மீட்டரை மாற்றி, திருட்டைப் பிடித்து, துணை மின் நிலையங்களைப் புதுப்பித்து எடுத்த பலன் அது. விநியோகத்தில் வேலை பார்த்த எவனும் அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டான்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கட்டணத்தை உயர்த்தினால் மக்கள் கோபப்படுவார்கள் என்று, செலவில் ஒரு பகுதியை ‘பிறகு வசூலித்துக்கொள்ளலாம்’ என்று ஏட்டில் எழுதிவைத்தார்கள். 2024 மார்ச் முடிவில் அந்தப் பாக்கி மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து சுமார் 27,200 கோடி ரூபாய். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அந்தப் பாக்கியைக் கட்டப் போவது டெல்லி மக்கள்தான். நம் வாரியத்தில் ‘நஷ்டம்’ என்று தலைப்புச் செய்தியாக வருவது, அங்கே வேறு பெயரில் வேறு ஏட்டில் உட்கார்ந்திருக்கிறது.

கணக்கைப் பார்க்கும் உரிமையையும் சொல்ல வேண்டும். 2014-ல் டெல்லி அரசு, அந்த நிறுவனங்களின் கணக்கை மத்திய தணிக்கையாளரைக் கொண்டு தணிக்கை செய்ய உத்தரவிட்டது. 2015 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. நம் மின்வாரியத்தின் கணக்கோ தணிக்கையாளரிடம் போய், அறிக்கை சட்டமன்றத்துக்கு வருகிறது. அதைப் படிப்பவர்கள் குறைவு என்பது வேறு வருத்தம்.

அரசிடம் இருந்தால் உருப்படாது என்பவர்கள் குஜராத்தைப் பார்க்கட்டும். அங்கே நான்கு விநியோக நிறுவனங்கள் மாநில அரசுடையவை. மத்திய அரசின் தரவரிசையில் அவை பல ஆண்டுகளாக மேலிடத்தில் இருக்கின்றன. அதே குஜராத்தில் அகமதாபாத்தும் சூரத்தும் தனியாரிடம். அவையும் நன்றாக நடக்கின்றன.

நாட்டிலேயே முதலில் ஒடிசாதான் தனியாருக்குக் கொடுத்தது என்கிறார்களே, அங்கே என்ன ஆயிற்று?
– கல்லூரி ஆசிரியை, திருச்சி

நல்ல கேள்வி அம்மா. இந்த விவாதத்தில் யாராவது பேச ஆரம்பித்தால், ஒடிசா தெரியுமா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

1996-ல் அங்கே மின்வாரியத்தைப் பிரித்தார்கள். 1999-ல் நான்கு விநியோக நிறுவனங்களையும் தனியாரிடம் ஒப்படைத்தார்கள். மூன்றை பி.எஸ்.இ.எஸ். என்ற மும்பை நிறுவனம் எடுத்தது. புவனேஸ்வர், கட்டாக், புரி அடங்கிய மத்தியப் பகுதியை ஏ.இ.எஸ். என்ற அமெரிக்க நிறுவனம் செப்டம்பரில் எடுத்தது. அடுத்த மாதமே, அக்டோபர் 29-ஆம் தேதி, பெரும்புயல் அடித்தது. கடற்கரை மாவட்டங்கள் சின்னாபின்னமாயின. யார் செலவில் சீரமைப்பது, மின்சாரம் வாங்கிய பாக்கியை எப்போது கட்டுவது என்று அரசு நிறுவனத்தோடு தகராறு. 2001-ல் ஏ.இ.எஸ். கிளம்பிவிட்டது. கம்பங்களும் கடனும் ஒடிசாவிலேயே இருந்தன.

புயலை மட்டும் குறை சொல்ல முடியாது. விற்கும்போதே இழப்பைக் குறைத்துக் காட்டியிருந்தார்கள், சொத்து மதிப்பை ஏற்றி எழுதியிருந்தார்கள், மாநில அரசு மானியத்தையும் நிறுத்திவிட்டது. 2001-ல் மாநில அரசு அமைத்த கனுங்கோ குழு இதையெல்லாம் ஆராய்ந்தது. மற்ற மூன்று நிறுவனங்கள் பிற்பாடு ரிலையன்ஸ் கைக்குப் போயின. 2015-ல், மின் கட்டணத்தையும் உரிமத்தையும் முடிவு செய்யும் மாநில ஒழுங்குமுறை ஆணையம் அவற்றின் உரிமத்தை ரத்து செய்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு தானே புயல்தான் ஞாபகம் வரும். 2011 டிசம்பர் 30 காலை அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து லைன் மேல் கிடந்தன. மரத்தை அறுத்து எடுக்காமல் கம்பியைத் தொடவே முடியவில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து வாரிய ஊழியர்கள் லாரி லாரியாக வந்தார்கள். கல்யாண மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் படுத்து எழுந்து, சேற்றில் குழி வெட்டிக் கம்பம் நட்டார்கள். 2018-ல் கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தபோதும் அப்படித்தான். கேரளத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். வேதாரண்யத்துக்குச் செலவழித்தால் திரும்ப வருமா என்று அன்று யாரும் கணக்குப் போடவில்லை. நான் அரசின் பக்கம் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஒடிசா கதை அதோடு முடியவில்லை. 2020 ஜூனில் டாடா பவர் மத்தியப் பகுதியை எடுத்தது, 2021-க்குள் மற்ற மூன்றையும் எடுத்தது. 51 சதவீதம் டாடாவுக்கு, 49 சதவீதம் அரசு நிறுவனத்துக்கு. இம்முறை எந்த ஆண்டில் இழப்பு எவ்வளவு குறைய வேண்டும், எவ்வளவு முதலீடு போட வேண்டும் என்று ஆணையம் முன்கூட்டியே எழுதி வாங்கியது. ஊழியர்களின் பணி நிபந்தனைகளுக்கும் பாதுகாப்பு தந்தது. அதே ஊர், அதே கடற்கரை. 1999-ல் எழுதிய பத்திரமும் 2020-ல் எழுதிய பத்திரமும்தான் வேறு.

தனியார் வந்தால் எங்கள் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் நின்றுவிடுமா?
– விவசாயி, பண்ருட்டி

தனியார் வந்ததால் மட்டும் நிற்காது. டெல்லியில் 2019 ஆகஸ்டிலிருந்து மாதம் 200 யூனிட் வரை வீடுகளுக்கு இலவசம், கொடுப்பது தனியார் நிறுவனங்களே. அரசு அவர்களுக்குப் பணம் கட்டுகிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ஆவது பிரிவும், மானியம் தர விரும்பும் அரசு அந்தத் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது.

சிக்கல் அரசு கட்டாதபோது வரும். வாரியமாக இருந்தால் கடன் வாங்கியாவது உங்களுக்கு மின்சாரம் விடும். அந்தக் கடன் வாரியத்தின் தலையில் ஏறி, ‘நஷ்டம்’ என்று பத்திரிகையில் வரும். தனியார் அப்படிக் காத்திருக்க மாட்டார். முதல் பாக்கியிலேயே ஆணையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போய்விடுவார். ஆக, நீங்கள் பார்க்க வேண்டியது அரசு வருடா வருடம் மானியத்தை முழுசாகக் கட்டுகிறதா என்பதை.

மீட்டர் வைப்பது பற்றியும் பயந்து எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. மின் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டங்களில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்திருக்கிறார்கள். அந்தப் போராட்டங்களுக்குப் பிறகுதான் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் வந்தது. கிணற்று மேட்டில் மீட்டர் வேண்டாம் என்பதே என் கருத்தும். ஆனால் பம்புசெட்டுகளுக்குப் போகும் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு மீட்டர் கட்டாயம் வேண்டும். அளவே இல்லாமல் குதிரைத்திறனை வைத்துக் கணக்குப் போட்டால், வேறெங்கோ திருடு போனதும் வீணானதும் விவசாயி பெயரில் எழுதப்படும். குஜராத்தில் 2003 முதல் விவசாயத்துக்குத் தனி ஃபீடர் (துணை மின் நிலையத்திலிருந்து கிளம்பும் லைன்), ஊருக்குத் தனி ஃபீடர் என்று பிரித்தார்கள். எங்கே எவ்வளவு போகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

எங்களுக்கு டாடா, அதானி என இரண்டு நிறுவனங்கள். பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஏன் இல்லை?
– இல்லத்தரசி, செம்பூர், மும்பை

உங்கள் பகுதியில் அது நடப்பதற்குக் காரணம் நெருக்கம். ஒரு தெருவில் ஆயிரம் மீட்டர் இருந்தால் இரண்டு நிறுவனங்கள் பிழைக்கலாம். அப்படியும், அதானியின் கம்பி வழியாக டாடா மின்சாரம் வாங்குபவர்கள் அந்தக் கம்பிக்கான கட்டணத்தைக் கட்டியே ஆக வேண்டும். கம்பி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பில் போடுபவர் மட்டும் மாறுகிறார்.

ஒரே கம்பியில் பல நிறுவனங்கள் என்பதை நாடு முழுக்கக் கொண்டுவரும் சட்டத் திருத்தம் 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்து, நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. நான் அதை எதிர்க்கிறேன். தமிழ்நாட்டில் ஆலையும் கடையும் கூடுதல் கட்டணம் கட்டுவதால்தான் குடிசைக்கும் சின்ன வீட்டுக்கும் குறைவாக வருகிறது. புதிதாக வரும் நிறுவனம் கோவை ஆலைகளையும் சென்னை ஐ.டி. கட்டடங்களையும் தேடிப் போகும். கொல்லிமலையில் தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளுக்கு லைன் இழுப்பது வாரியத்தின் பங்காகிவிடும். அந்த லைனுக்கு வருமானம் எங்கிருந்து வரும்?

சென்னையில் முன்பு தனியார்தான் மின்சாரம் கொடுத்தார்கள் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா?
– மாணவர், தாம்பரம்

உண்மைதான் தம்பி. மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கொடுத்தது. 1947-ல் மாகாண அரசு அதை எடுத்துக்கொண்டது. மின்வாரியம் பிறந்தது 1957 ஜூலை 1-ல். கொல்கத்தாவிலோ பிரிட்டிஷ் காலத்து நிறுவனமே இன்றுவரை தனியாராக நீடிக்கிறது.

புதுச்சேரி மின்துறையைத் தனியாருக்குக் கொடுக்க வேண்டியதன் அவசியம் என்ன?
– மின்துறை ஊழியரின் மகள், லாஸ்பேட்டை

2020 மே மாதம், கொரோனா நிவாரண அறிவிப்புகளோடு, யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகம் தனியாருக்குப் போகும் என்று மத்திய நிதியமைச்சர் அறிவித்தார். தாத்ரா நகர் ஹவேலி, டாமன் டையூ 2022 ஏப்ரலில் டாரண்ட் நிறுவனத்திடம் போயின. சண்டிகர் 2025 பிப்ரவரி 1-ல், 871 கோடி ரூபாய்க்கு, கோயங்கா குழுமத்திடம் போனது. உங்கள் ஊரில் 2022 செப்டம்பர் கடைசியில் டெண்டர் வந்ததும் வேலைநிறுத்தம், இருட்டு, துணை ராணுவம் எல்லாம் வந்தது உங்களுக்கே தெரியும்.

அவசியம் இருந்ததா என்றால், இல்லை என்றே சொல்வேன். டெல்லியில் பாதி மின்சாரம் காசாகாமல் போன நிலைமை புதுச்சேரியிலோ சண்டிகரிலோ கிடையாது. சின்னப் பரப்பு, நெருக்கமான ஊர், நிறையத் தொழிற்சாலைகள். சீர்செய்வது சுலபமான இடத்தைத் தனியாருக்கு எடுத்துக் கொடுப்பதை, சீர்திருத்தம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உங்கள் அப்பாவின் பணிப் பாதுகாப்பு பற்றிய கவலையும் நியாயம்தான். ஓய்வூதியத்துக்கான நிதியை யார், எப்போது கட்டுவார் என்பதை மாற்றும் திட்டத்தில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வாய்மொழி உறுதி போதாது.

இதில் சாதாரண நுகர்வோர் செய்ய என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற தபால்காரர், விருத்தாசலம்

கட்டணம் மாற்றுவதற்கு முன் ஒழுங்குமுறை ஆணையம் மனுவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்கிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம், போக முடியாவிட்டால் எழுதி அனுப்பலாம். மூன்றைக் கேளுங்கள்: போன வருடம் அரசு கட்ட வேண்டிய மானியத்தில் எவ்வளவு கட்டியது, வெளியிலிருந்து வாங்கிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு என்ன விலை கொடுத்தார்கள், உங்கள் பிரிவு அலுவலகத்தில் எத்தனை லைன்மேன் இடங்கள் காலி. சொந்தப் புகார் என்றால் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அங்கே தீராவிட்டால் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். சட்டப்படி இரண்டும் அரசு நிறுவனத்துக்கும் உண்டு, தனியாருக்கும் உண்டு. மனுவில் மின் இணைப்பு எண்ணை எழுதி, முதலில் புகார் கொடுத்ததற்கான ரசீதின் நகலையும் இணைத்துவிடுங்கள்.