முட்டை இடாத மீனா, முட்டையைத் தின்ற மீனா?

கேள்வி: நான் விலங்கியல் முதுகலை மாணவி. ஒரு மூலிகைச் சாற்றின் நச்சுத்தன்மையை வரிக்குதிரை மீனின் கருவில் சோதிக்க வேண்டும். கொளத்தூரில் மீன் வாங்கித் தொட்டியில் விட்டு ஒரு மாதம் ஆகிறது. ஒரு முட்டைகூடக் கிடைக்கவில்லை. மீன் சரியில்லையா?

பதில்: மீன்மீது பழி போடாதீர்கள். அது முட்டையிட்டிருக்கும், நீங்கள் வருவதற்குள் தின்றும் முடித்திருக்கும். விளக்கு எரிந்த சற்று நேரத்திலேயே முட்டையிடுவது இதன் வழக்கம். முட்டை எதிலும் ஒட்டாமல் அடியில் விழும். பெற்ற மீன்களே பொறுக்கித் தின்றுவிடும்.

மாலையில் வயிறு பருத்த ஒரு பெண் மீனையும், மஞ்சள் சாயலுடன் மெலிந்திருக்கும் இரண்டு ஆண் மீன்களையும் தனித் தொட்டியில் விடுங்கள். அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்புங்கள், அல்லது முட்டை மட்டும் நுழையும் வலையைப் பொருத்துங்கள். நீர் 28 டிகிரி செல்சியஸ் அளவில், குளோரின் இல்லாமல் இருக்கட்டும். வெளிச்சம் 14 மணி நேரம், இருட்டு 10 மணி நேரம். இதில்தான் பல ஆய்வகங்கள் கோட்டைவிடுகின்றன: இரவு வேலை செய்பவர்கள் விளக்கைப் போட்டால் மீனுக்கு விடியலே தெரியாது. டைமர் சுவிட்ச் ஒன்று போதும்.

கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளின் இந்தச் சிறுமீனை, அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் மரபியல் ஆய்வுக்கு ஏற்றதாக 1981-இல் நிலைநிறுத்தினார். கரு தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடிபோல் தெளிவாக வளர்வதே இதன் பெருமை. ஒரே நாளில் இதயம் துடிப்பதை நுண்ணோக்கியில் நேரிலேயே பார்க்கலாம்.

முட்டை கிடைத்ததும் சாற்றை ஊற்றிவிடாதீர்கள். வெண்மையாகக் கலங்கியவற்றை உடனே அகற்றுங்கள். விட்டால் பூஞ்சை பிடித்து மற்றவையும் கெடும். ஒரு ஈட்டில் 70 சதவீதமாவது கருவுற்றிருக்க வேண்டும். வெறும் நீரில் விட்ட ஒப்பீட்டுக் கருக்களில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீதம் பிழைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சோதனை செல்லாது.

மூலிகைச் சாற்றில் நான் முதலில் சந்தேகிப்பது அமிலத்தன்மையைத்தான். நீரின் பிஎச் அளவு இறங்கிக் கரு செத்தால், அதை மூலிகையின் நஞ்சு என்று எழுதிவிடுவோம். ஒவ்வொரு செறிவிலும் பிஎச் அளந்து சரிசெய்யுங்கள். கரைப்பான் சேர்த்தால், கரைப்பான் மட்டும் கலந்த ஒரு தொகுதியும் வேண்டும்.

கடை மீனின் வம்சமும் நோயும் தெரியாது. தனியே வைத்துக் கவனித்து, அவற்றின் குஞ்சுகளை ஆய்வகத்திலேயே வளர்த்துத் தாய் மீன்களாக்குங்கள். மூன்று நான்கு மாதங்களில் முட்டைக்குத் தயாராகும். கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.